“காத்தே இல்ல டீச்சர்!” – காற்றுப் பாடத் துணைப்பொருள்கள் குறித்து ஒரு திறனாய்வு



படிநிலை ஒன்று மாணவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இன்று துணைப்பொருளுக்குப் பஞ்சமில்லை. படவில்லைகள், பயிற்றிகள், வண்ணந்தீட்டும் தாள்கள், மூன்று நிமிடக் காணொலிகள் என்று புலனக் குழுக்களில் வந்து குவிகின்றன. தயாரிப்பவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தாம். பள்ளி வேலை முடிந்து, வீட்டு வேலையும் முடிந்து, இரவில் உட்கார்ந்து செய்து, பெயர்கூடப் போடாமல் பகிர்கிறார்கள். அந்த உழைப்பை மதித்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பள்ளியையோ எந்த ஆசிரியரையோ சுட்டுவது நோக்கமல்ல. பாடநூலைப் பற்றியும் இங்கே பேசவில்லை. நாமே செய்து நமக்குள் பகிரும் பொருள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே குறை பலவற்றிலும் தெரிகிறது. அதைப் பேசிவிடுவது நல்லது.

குறை இதுதான். இவற்றில் பல, மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்ததைத் தமிழுக்கு மாற்றியவை. வாக்கியங்களில் பிழை இல்லை. ஆனால் தமிழ் பேசும் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் ‘காற்று’ என்ற சொல்லை எந்தப் பொருளில் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள் என்று யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. அதனால் முதல் வரியிலேயே பாடம் வழுக்கிவிடுகிறது.

ஒரே சொல், இரண்டு பொருள்

முதல் படவில்லையில் வழக்கமாக வரும் வாக்கியம்: ‘காற்று நம்மைச் சுற்றி எங்கும் உள்ளது.’ மலாயில் இந்த இடத்தில் ‘உடாரா’ என்று இருக்கும். வீசும் காற்றுக்கு அங்கே ‘அங்கின்’ என்று தனிச்சொல் உண்டு. ஆங்கிலத்திலும் ‘ஏர்’ வேறு, ‘விண்ட்’ வேறு. நமக்கு அன்றாடப் பேச்சில் இரண்டும் காற்றுதான்.

மின்விசிறி நின்றுபோன வகுப்பறையில் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? “காத்தே இல்ல டீச்சர்.” வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். சாளரத்தைத் திறந்தால் “இப்போ காத்து வருது” என்கிறோம். ஆக, பிள்ளைகளின் மொழியில் காற்று என்பது வரும், போகும், அடிக்கும், நிற்கும். நின்றுவிட்டால் இல்லை. இப்படிப் பேசிப் பழகியவர்களிடம் ‘காற்று எங்கும் உள்ளது’ என்று சொன்னால் அது நம்ப முடியாத செய்தி. நல்ல பிள்ளைகளாக எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் சரியாக எழுதுவார்கள். ஆனால் உள்ளுக்குள் “ஒன்னும் இல்லையே” என்ற எண்ணம் அப்படியே இருக்கும்.

அடுத்த படவில்லையில் ‘அசையும் காற்றே காற்று’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலத்தில் இரண்டு சொல் இருந்த இடத்தில் தமிழில் ஒரே சொல்லைப் போட்டதன் விளைவு அது. சிலர் ‘அசையும் காற்றே தென்றல்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். தென்றல் தெற்கிலிருந்து மெல்ல வீசுவது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. வீசும் காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. வீசாமல் நிற்கும் காற்றுக்குத்தான் பேச்சுவழக்கில் தனிப்பெயர் இல்லை.

அப்படியானால் தமிழில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாதா? தாராளமாக முடியும். அதே பிள்ளைகள் இன்னொன்றும் பேசுகிறார்கள்: “சைக்கிள் டயர்ல காத்து போயிருச்சி”, “பந்துக்குக் காத்து அடிக்கணும்.” டயருக்குள் இருக்கும் காற்று வீசுவதில்லை. ஆனாலும் அதைக் காற்று என்றுதான் சொல்கிறார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு, சைக்கிளையும் அதன் மேல் இருப்பவரையும் தாங்கிக்கொண்டு, சும்மா இருக்கும் காற்று அது. அறிவியல் கேட்கும் பொருள் பிள்ளைகளின் பேச்சிலேயே இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டுவதுதான் பாடத்தின் முதல் வேலை. “டயர்ல இருக்கிற காத்து வீசுதா? வீசலன்னா அது காத்து இல்லையா?” என்ற ஒரு கேள்வியோடு தொடங்கும் படவில்லை எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பில் அந்தக் கேள்வி வராது. மலாய், ஆங்கில மூலங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

குவளையும் பலூனும்

இனி, பரவலாகப் பயன்படும் சோதனைகளைப் பார்ப்போம்.

குவளையின் அடியில் தாளைக் கசக்கி அடைத்து, கவிழ்த்து, தண்ணீரில் நேராக அமுக்குவது முதலாவது. இதைப்போல நல்ல சோதனை இந்தப் பாடத்திற்கு வேறில்லை. செலவும் இல்லை. ஆனால் பயிற்றிகளில் இதன் படத்துக்குக் கீழேயே ‘குவளையில் காற்று உள்ளது, எனவே தாள் நனையவில்லை’ என்று அச்சிட்டுவிடுகிறோம். முன் அனுமானித்தல், உற்றறிதல், ஊகித்தல் என்று அறிவியல் செயற்பாங்குத் திறன்களைப் பாடத்திட்டத்தில் வரிசையாக எழுதுகிறோம். படத்தோடு விடையையும் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எதை முன் அனுமானிப்பார்கள்? “தாள் நனையுமா, நனையாதா? கை தூக்குங்க” என்று கேட்டுவிட்டு அமுக்கினால் போதும். பாதி வகுப்பு ஒரு பக்கம், பாதி வகுப்பு மறுபக்கம் நிற்கும்.

இன்னொரு விடுபடலும் உண்டு. அமுக்கிய குவளையைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்க்க வேண்டும். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், தண்ணீர் உள்ளே போகும். ‘காலி’ என்று நினைத்த குவளையிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் இடம் இதுதான். பல காணொலிகள் தாள் நனையாததைக் காட்டியதும் முடிந்துவிடுகின்றன.

இரண்டாவது, காற்றுக்கு எடை உண்டு என்று காட்டும் பலூன் தராசு. ஒரு குச்சியின் இரு முனையிலும் ஊதிய பலூன்களைக் கட்டி, ஒன்றை வெடிக்க வைப்பார்கள். மற்றது தாழும் என்பது எதிர்பார்ப்பு. நிறைய வகுப்புகளில் இது சரியாக வராது. காரணம், பலூனுக்குள் இருக்கும் காற்றின் எடையைச் சுற்றியுள்ள காற்றின் மிதப்பு விசை ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிடுகிறது. உள்ளே சற்று அமுங்கியிருக்கும் கொஞ்சக் காற்றின் எடை மட்டுமே தராசில் தெரியும். அது மிகச் சிறியது. வெடித்த பலூனின் ஒரு துண்டு பறந்துபோனால் அதன் எடையே கணக்கைக் கெடுத்துவிடும். சோதனை வராதபோது நாம் குச்சியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு “பாருங்க, இறங்கிருச்சி” என்று சொல்லும் நிலை வருகிறது. அதைப் பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இதற்கு மாற்று நம் விளையாட்டு அறையிலேயே இருக்கிறது. ஐந்தாம் அளவுக் காற்பந்து, காற்றடிக்கும் பம்பு, கேக் செய்யும் வீடுகளில் இருக்கும் மின்னியல் தராசு. பந்து உருண்டையாக, ஆனால் தளர்வாக இருக்கும்போது நிறுங்கள். பிறகு நன்றாகக் காற்றடித்து மறுபடியும் நிறுங்கள். ஏறக்குறைய 4 முதல் 7 கிராம் வரை கூடும். பந்தின் பருமன் பெரிதாக மாறாததால் மிதப்பு விசை இங்கே தொல்லை தராது. எண் ஏறுவதைப் பிள்ளைகளே படிக்கலாம்.

அதோடு ஒரு கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையில் 189 கன மீட்டர் காற்று. ஏறக்குறைய 220 கிலோ வரும். 25 கிலோ எடையுள்ள மாணவர்கள் எட்டு ஒன்பது பேர் சேர்ந்த எடை. “ஒன்னும் இல்லாத” இடத்தில் இவ்வளவா என்று பெரியவர்களே வியப்பார்கள்.

மெழுகுவர்த்திச் சோதனை

இந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டில் வண்ணத் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ‘சுடர் உயிர்வளியைப் பயன்படுத்திவிட்டது. காற்றில் உயிர்வளி 21 விழுக்காடு. எனவே ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் தண்ணீர் ஏறியது’ என்று விளக்கம் தருகிறோம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தவறு.

குவளைக்குள் இருக்கும் உயிர்வளி தீர்ந்துபோவதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். எரியும்போது உயிர்வளி குறைந்தாலும் கரிவளியும் நீராவியும் உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பம். குவளையைக் கவிழ்க்கும்போது சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதமுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைச் சரிபார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று, தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது? சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? அணைந்த பிறகுதான். இரண்டு, ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் இன்னும் மேலே ஏறும். உயிர்வளியின் பங்கு மூன்று மெழுகுவர்த்திக்காக மாறிவிடவில்லையே! வெப்பம்தான் கூடியது.

எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த முழு விளக்கமும் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. ‘எரிவதற்குக் காற்று வேண்டும், மூடினால் சுடர் அணையும்’ என்பதோடு நிறுத்தினால் அது உண்மை, அந்த வயதுக்குப் போதும். உண்மையில்லாத ‘ஐந்தில் ஒரு பங்கு’ கதையை ஏன் சேர்க்க வேண்டும்? இடைநிலைப்பள்ளிக்குப் போய் மறுபடியும் அழித்து எழுத வேண்டிய பாடமாக அது ஆகிவிடும். சுடரை ஆசிரியரே ஏற்றிச் செய்துகாட்ட வேண்டும் என்பதையும் பயிற்றியில் எழுதுங்கள். பலவற்றில் அந்த வரி இல்லை.

மூச்சுப் படமும் ‘வளி’ என்ற சொல்லும்

இன்னொரு பரவலான படம்: ஒரு சிறுமியின் மூக்கருகே இரண்டு அம்புக்குறிகள். உள்ளே போவது ‘உயிர்வளி’, வெளியே வருவது ‘கரிவளி’. இதைப் பார்க்கும் பிள்ளைகள், உள்ளே போவதில் உயிர்வளி மட்டும் இருக்கிறது, வெளியே வருவதில் கரிவளி மட்டும் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறார்கள். படம் அப்படித்தானே சொல்கிறது?

நாம் இழுப்பது காற்று, விடுவதும் காற்று. இழுக்கும் காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, உயிர்வளி 21 விழுக்காடு, கரிவளி 0.04 விழுக்காட்டளவு. விடும் காற்றில் உயிர்வளி ஏறக்குறைய 16 விழுக்காடாகக் குறைகிறது, கரிவளி ஏறக்குறைய 4 விழுக்காடாகக் கூடுகிறது. விடும் மூச்சிலும் கரிவளியைவிட உயிர்வளியே அதிகம். மயங்கி விழுந்தவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பது பயன்படுவது அதனால்தான். அம்புக்குறியில் ‘உயிர்வளி கூடுதலான காற்று’, ‘கரிவளி கூடுதலான காற்று’ என்று எழுதினால் இரண்டு சொல்தான் கூடும். படம் சரியாகிவிடும்.

இங்கே நம் மொழி நமக்குக் கைகொடுக்கிறது. உயிர்வளி, கரிவளி, வளிமண்டலம் மூன்றிலும் ‘வளி’ இருக்கிறது. பழந்தமிழில் வளி என்பதும் பெரும்பாலும் வீசும் காற்றைக் குறித்ததுதான். ஆனால் இன்றைய கலைச்சொற்களில் அது அசையாமல் இருக்கும்போதும் இருக்கிற அந்தப் பொருளைக் குறிக்கிறது. பேச்சில் இல்லாத தனிப்பெயர் கலைச்சொல்லில் இருக்கிறது. நம் துணைப்பொருள்கள் இந்த மூன்று சொற்களையும் மூன்று வெவ்வேறு பக்கத்தில், மூன்று தனித்தனி மனனச் சொற்களாகத் தருகின்றன. மூன்றையும் ஒரே பலகையில் எழுதி, “மூனுலயும் ஒரே மாதிரி என்ன இருக்கு?” என்று கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு மொழிப்பாடமும் ஒரு அறிவியல் பாடமும் ஒரே கேள்வியில் முடிகிறது.

வளிமண்டலப் படம்

வளிமண்டலத்தைப் பற்றிய படங்களில் பூமி ஒரு சின்னப் பந்து. அதைச் சுற்றி நீலம், மஞ்சள், சிவப்பு என்று தடித்த வளையங்கள். அடுக்குகளின் பெயர்களைக் காட்டப் பெரிதாக வரைய வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அடுக்குகளின் பெயர் இப்போதைக்குத் தேவையில்லை. மேலே போகப் போகக் காற்று குறையும் என்பதும், அந்தப் போர்வை மிக மெல்லியது என்பதும்தான் தேவை. அதைத்தான் இந்தப் படம் மறைத்துவிடுகிறது.

பள்ளியில் இருக்கும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டையை எடுங்கள். விண்வெளியின் தொடக்கம் என்று பரவலாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டர் உயரம், அந்த உருண்டையில் இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. மொத்தக் காற்றில் பாதி, முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. உருண்டையில் அது ஒரு தாளின் தடிமன். உருண்டையின் மேல் ஒரு தாளை ஒட்டிக் காட்டி, “நாம மூச்சு விடுற காத்துல பாதி இதுக்குள்ளதான் இருக்கு” என்று சொல்லுங்கள்.

மேலே போனால் காற்று குறையும் என்பதற்கு நம் பிள்ளைகளுக்கு நேரடி அனுபவமே உண்டு. கேமரன் மலைக்குப் போகும்போது காரில் வாங்கிவைத்த கெரோபோக் பாக்கெட் உப்பிப் போயிருக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று அப்படியே இருக்க, வெளியிலிருந்து அமுக்கும் காற்று குறைந்துவிட்டதால் பாக்கெட் உப்புகிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு மலையுச்சியில் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். நம் படவில்லைகளில் எவரெஸ்ட் வருகிறது. கேமரன் மலையும் கெரோபோக் பாக்கெட்டும் ஏன் வருவதில்லை?

இது ஏன் அவசரமான விஷயம்?

‘சின்னப் பிள்ளைகள்தானே, பிறகு தெரிந்துகொள்வார்கள்’ என்று விட்டுவிட முடியாத ஒரு காரணம் உண்டு. 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை போனது. 300ஐத் தாண்டினாலே அது அபாய நிலை. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுவாயுவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டன. காற்றுப் பாடம் நம் பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடமும்கூட.

நம் ‘காற்றுத் தூய்மைக்கேடு’ பயிற்றிகளில் கரும்புகை விடும் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள், குப்பை எரிப்பவர் மூவரும் தவறாமல் இருப்பார்கள். ‘புகை தெரிந்தால் அசுத்தம், தெரியாவிட்டால் சுத்தம்’ என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போகும் பி.எம். 2.5 துகள் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிநிலங்கள் எரியும்போது அந்தத் துகள்களை இங்கே கொண்டுவருவது வீசும் காற்று. வந்தபின் நம் வகுப்பறைக்குள் தங்கிவிடுவது நிற்கும் காற்றில். “காத்தே இல்ல” என்று பிள்ளைகள் சொல்லும் அந்தப் புழுக்கமான நாளில்தான் மூச்சில் அதிகத் துகள் போகக்கூடும். வீசாத காற்றும் காற்றுதான் என்பது புரியாத பிள்ளைக்கு, முகக்கவசத்தை எதற்குப் போடச் சொல்கிறோம் என்பது எப்படிப் புரியும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. பிறகு தமிழுக்குத் திரும்பின. 2016 முதல் இருமொழித் திட்டம் வந்தது. ‘அறிவியலுக்குத் தமிழ் எதற்கு?’ என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. மேடையில் நாம் நன்றாகவே பதில் சொல்கிறோம். வகுப்பறையிலும் அந்தப் பதில் தெரிய வேண்டாமா? மலாய்ப் படவில்லையைச் சொல்லுக்குச் சொல் மாற்றித் தந்தால், பெற்றோர் “அப்போ மலாயிலேயே படிக்கலாமே” என்று கேட்பதில் தவறில்லை. டயர்க் காற்றிலிருந்து தொடங்கி ‘வளி’யில் வந்து நிற்கும் பாடத்தைத் தமிழில்தான் நடத்த முடியும்.

செய்யக்கூடியவை

புதிதாக எல்லாவற்றையும் தயாரிக்க வேண்டியதில்லை. கையில் இருப்பதைத் திருத்தினாலே போதும்.

முதல் படவில்லையை எடுத்துவிட்டு, டயர்க் கேள்வியை வையுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலைத் திருத்தாமல் பலகையில் எழுதிவையுங்கள். பாட முடிவில் அதை அவர்களே திருத்தட்டும். வீசும் காற்றைச் சொல்லும்போது ‘வீசும் காற்று’ என்றே முழுமையாகச் சொல்லுங்கள். குவளைச் சோதனையின் கீழ் உள்ள விடையை அழித்து, வெற்றுக் கட்டம் போடுங்கள். பலூன் தராசுக்குப் பதில் காற்பந்து. மெழுகுவர்த்தியில் ‘ஐந்தில் ஒரு பங்கு’ வேண்டாம். அம்புக்குறிகளில் ‘காற்று’ என்ற சொல்லைச் சேருங்கள். வளிமண்டலத்துக்கு உலக உருண்டையும் ஒரு தாளும். தூய்மைக்கேட்டுப் பாடத்தில் அன்றைய குறியீட்டு எண்ணைப் பிள்ளைகளே பார்த்து வகுப்பில் எழுதும் பழக்கம். வகுப்பறை மதிப்பீட்டுக்கும் அந்தப் பதிவு உதவும்.

திருத்திய பொருளைக் குழுவில் பகிரும்போது, பிள்ளைகள் முதலில் என்ன சொன்னார்கள் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அனுப்புங்கள். அடுத்து அதை எடுக்கும் ஆசிரியருக்குப் படத்தைவிட அந்த இரண்டு வரி அதிகம் பயன்படும்.